செட்டிநாட்டு ஊர்களில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் துணை நிற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் தர்மத்துக்குக் குறைவே கிடையாது. பிறந்த நாள், நினைவு நாள், அறுபதாம் கல்யாணம் எதுவானாலும் சிறப்புப் பள்ளிக்கோ காப்பகத்துக்கோ ஒரு வேளைச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடும். நல்ல மனசுதான். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளை, அதாவது பேசும் விதமும் பழகும் விதமும் வேறுபட்ட பிள்ளை, ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்காரவும், எழுத்து தடுமாறும் பிள்ளை அடி வாங்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டவும் அந்தப் பந்தி உதவாது. அதற்கு ஊருக்குள் நாலு பேர் வேண்டும். சட்டம் தெரிந்து, மனு எழுதத் தெரிந்து, ஒரே அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சலிக்காதவர்கள். அந்த நாலு பேராக ஆக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்

செட்டிநாடு என்று ஒரே பேராகச் சொன்னாலும் அரசுத் தாளில் அது இரண்டு மாவட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை எல்லாம் சிவகங்கையில் வருகின்றன. இராயவரமும் கோனாபட்டும் புதுக்கோட்டையில். பேச்சும் சாப்பாடும் ஒன்றாக இருந்தாலும் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் ஏற வேண்டிய ஆட்சியர் அலுவலகம் வேறு. ஆகவே உங்கள் ஊர் எந்த மாவட்டம், எந்த ஒன்றியம், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

புதிதாக ஒரு சங்கம் தொடங்கி, பேனர் அடித்து, பதவி பிரிக்க வேண்டாம். ஊராட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். பல ஊரில் அது பதிவேட்டில் மட்டும் இருக்கும். அதை உயிர்ப்பிப்பதுதான் சுருக்கு வழி. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுவில் கணக்கு எழுதும் ஒரு அக்கா, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். இவர்களோடு இன்னும் இரண்டு பேர் கட்டாயம். ஒருவர், இப்படிப்பட்ட பிள்ளையை வளர்க்கும் தாயோ தகப்பனோ. மற்றவர், தானே ஆட்டிசத்தோடோ கற்றல் குறைபாட்டோடோ வளர்ந்து பெரியவரான ஓர் இளைஞர். பள்ளி நாட்களில் எது வலித்தது என்று கேட்டால் அவர் சொல்லும் பதில், எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

குழுவுக்கு மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். பிள்ளையின் படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரையோ நிலையையோ எழுதக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றை மீறுபவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் குழுவில் வேண்டாம்.

படி 2: கதவைத் தட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் மருத்துவர் இல்லை, பெயர் சூட்டும் வேலை உங்களுடையது இல்லை. கவனிக்க வேண்டியது எது என்று தெரிந்தால் போதும். ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, இரண்டு வயதாகியும் ‘பால் வேணும்’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழப்பது. இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

பள்ளி வயதில் வேறு அடையாளங்கள். ‘கொடி’யைக் ‘கெடி’ என்று படிப்பான். எழுதும்போது கொம்பைப் போட்டுத் துணைக்காலை விட்டுவிடுவான். ர, ற குழம்பும். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்லும் பிள்ளை, நோட்டில் நாலு வரிக்கு மேல் எழுதாது. இன்னொரு பிள்ளை பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்காராது, பென்சிலைத் தினம் தொலைக்கும், கேள்வி முடியும் முன்பே பதிலைக் கத்தும். இதையெல்லாம் ஊரில் சேட்டை, சோம்பேறித்தனம் என்ற இரண்டே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

காரணம் பற்றியும் தெளிவு வேண்டும். ஆட்டிசம் தடுப்பூசியால் வருவதில்லை. அம்மா கொஞ்சாததாலோ வேலைக்குப் போனதாலோ வருவதில்லை. அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. மரபணுக்களின் பங்கு பெரியது. ‘முழுசா குணமாக்குறோம்’ என்று பொடியோ ஊசியோ விற்பவர் யாராக இருந்தாலும், அந்தப் பணத்தை அவரிடம் கொடுக்க விடாதீர்கள். நேர்த்திக்கடனும் குலதெய்வ வழிபாடும் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. அதில் தலையிட வேண்டாம். பட்டினி போடுவது, சூடு வைப்பது என்று போனால் அப்போது கட்டாயம் தலையிட வேண்டும்.

படி 3: வீட்டுக்குப் போவது

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. கூட்டம் போட்டு மைக்கில் பேசினால் எந்தத் தாயும் எழுந்து ‘என் பிள்ளைக்கு இருக்கு’ என்று சொல்ல மாட்டாள். வீட்டில் கல்யாண வயதில் மூத்த பெண் இருந்தால், பொண்ணு கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்துவிடுமே என்ற பயம் இருக்கும். அது கற்பனைப் பயமும் இல்லை.

மதியம் சமையல் முடிந்த நேரமாகப் பார்த்து, இரண்டு பெண்களாகப் போங்கள். முதல் தடவை நோட்டு எடுக்காதீர்கள். பெரும்பாலும் பேச்சைத் தொடங்குவது அப்பத்தாவாகத்தான் இருக்கும்.

“அவன் அப்பனும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான். அந்தக் குடும்பமே அப்படித்தான்.”

“சரிங்க ஆச்சி, சில பிள்ளைக லேட்டாத்தான் பேசும். தம்பி நீங்க கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானா?”

“அதெல்லாம் பாக்க மாட்டான். ஆனா அடுத்த ரூம்ல பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சா ஓடி வந்துருவான்.”

“அப்பக் காது கேக்குது போல ஆச்சி. நீங்க கவனிச்சதுதான் டாக்டருக்கும் வேணும். அவருகிட்ட இத அப்படியே சொல்லணும்.”

பாட்டி சொன்னதை மறுக்காமல், அவர் வாயிலிருந்தே சேதி வந்துவிட்டது. ‘ஒங்க பேரனுக்கு ஆட்டிசம் மாதிரி தெரியுது’ என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தக் கதவு மறுபடி திறந்திருக்காது.

தாயிடம் தனியாகப் பேச ஒரு வழி பாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், வெளியே போனால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எது அவனை அமைதிப்படுத்துகிறது என்றும் கேளுங்கள். மிக்சி சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறிய பிள்ளை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கன்னத்தை வைத்துப் படுத்ததும் அடங்கிவிடுகிறது என்று ஒரு தாய் சொன்னால், அதை எழுதிவையுங்கள். அந்தக் குளிர்ச்சி அவனுக்கு மருந்து. நாளைக்குப் பள்ளியில் அவன் உட்கார எந்த மூலை சரி என்று முடிவு செய்ய இந்தத் தகவல்தான் உதவும். கை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது எல்லாம் அவன் தன்னைச் சமாளித்துக்கொள்ளும் வழிகள். யாருக்கும் அடிபடாதவரை அதைத் தடுக்கத் தேவையில்லை என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

தகப்பன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் நிறைய. அங்கே முடிவு போனில்தான் நடக்கும். அவர் ஊருக்கு விடுமுறையில் வரும் நாளைக் கேட்டுவைத்து, அந்த வாரத்தில் மருத்துவமனைப் பயணத்தை வையுங்கள். நேரில் ஒருமுறை மருத்துவர் பேசுவதைக் கேட்ட தகப்பன், அடுத்த வருடம் முழுக்க மனைவிக்குத் துணையாக நிற்பார்.

படி 4: பரிசோதனை, சான்று, அட்டை

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு இது. அந்தக் குழு உங்கள் ஊருக்கு வரும் தேதியைச் செவிலியரிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அவர்கள் டிஇஐசி எனப்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்தால், அங்கே மேற்கொண்டு பரிசோதனையும் பயிற்சியும் நடக்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு மூன்றும் அதில் அடக்கம். ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல் ஓயாமல் துறுதுறுக்கும் நிலை, அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அதனால் ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். கற்றல் குறைபாட்டுக்கான சான்று மூன்றாம் வகுப்பை ஒட்டிய வயதில்தான் கிடைக்கும் என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், சின்ன வயதிலேயே அலைய வேண்டாம்.

பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நம் பெற்றோர் கூச்சத்தில் ‘நல்லாத்தான் சார் இருக்கான், கொஞ்சம் சேட்டை, அவ்வளவுதான்’ என்பார்கள். ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் பயன்படுத்தும் ஐஎஸ்ஏஏ அளவுகோலில் பெற்றோர் சொல்லும் பதிலுக்கு எடை உண்டு. ஆகவே போவதற்கு முந்தைய வாரம் முழுக்கத் தாயை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எப்போது தூங்கினான், எத்தனை முறை தன்னை அடித்துக்கொண்டான், பல் தேய்க்க யார் உதவினார்கள். அந்த நோட்டை மருத்துவர் மேசையில் வைத்தால், வாய் தடுமாறினாலும் எழுத்து பேசும்.

கொண்டு போக வேண்டியவை: பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், இதுவரை பார்த்த எல்லாச் சீட்டுகளும், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். கூடவே பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டம், விளையாட்டுச் சாமான், சத்தம் தாங்காத பிள்ளையாக இருந்தால் காதை மூட ஒரு ஹெட்போன். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையோடு மரத்தடியில் ஒருவர் இருக்கட்டும், வரிசையில் இன்னொருவர் நிற்கட்டும்.

சான்றுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடிக்கும் யூடிஐடி இணையதளத்தில் ஒன்றாகவே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் கைக்கு வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கும், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். நிராமயாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் சேரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். விண்ணப்பம் எங்காவது தேங்கினால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

படி 5: பள்ளிக்கூடம்

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையையும் ஊர்ப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுக்க முடியாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வி 18 வயது வரை நீளும். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. இந்தப் பிரிவின் எண்ணைப் பெற்றோருக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

அதற்காகச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே தலைமை ஆசிரியர் அறைக்குள் போக வேண்டாம். நாற்பது பிள்ளைகளோடு போராடும் டீச்சருக்கு, என்ன செய்வது என்று தெரியாததுதான் பெரும்பாலும் பிரச்சினை. ஒரே பக்கத்தில், அந்த ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று எழுதிக் கொடுங்கள்: முன் பெஞ்சில் ஓரமாக உட்கார வைக்கவும், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவும், மணி அடிக்கும் முன் ஜாடை காட்டவும், வாய்மொழியாகப் பதில் சொல்ல விடவும், அழத் தொடங்கினால் சுற்றிக் கூட்டம் கூடாமல் வேப்பமரத்தடிக்கு அனுப்பவும். இப்படிக் கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று சம்மதிக்கும் ஆசிரியர்கள் அதிகம்.

வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு அவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, அன்று தாயையும் வரச் சொல்லுங்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்று துறையே இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்து உதவ முடியுமா என்று எழுதிக் கேட்பதில் தவறில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அதில் நம் பிள்ளையின் தாய் ஒருவரை உறுப்பினராக்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் அவர் கேட்டது ஏறிவிட்டால், தலைமை ஆசிரியர் மாறினாலும் அது நிற்கும்.

பொதுத்தேர்வுச் சலுகையைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளாதீர்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாமே உண்டு. ஆனால் சான்றும் பள்ளியின் கடிதமும் தேர்வுத் துறைக்கு நேரத்தோடு போக வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே சான்றை முடித்துவிடுங்கள். எழுதுபவரோடு உட்கார்ந்து பதில் சொல்வதும் ஒரு பழக்கம். ஒன்பதாம் வகுப்பின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே அதைப் பழக்க வேண்டும்.

பள்ளி ஒரேயடியாக மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் புகார், அதற்கும் பலனில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம். வாய்ப்பேச்சாக எதையும் விடாதீர்கள்.

படி 6: ஊருணியும் திருவிழாவும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துவிடுவார்கள், அதிலும் தண்ணீரைத் தேடிப் போவார்கள். செட்டிநாட்டில் தெருவுக்குப் பக்கத்திலேயே ஊருணி. படித்துறையில் இறங்கினால் சில படிகளில் ஆழம். உலகம் முழுக்க இப்படிப்பட்ட பிள்ளைகளின் சாவுக்கு நீரில் மூழ்குவது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆகவே குழு கூடியதும் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் இது ஒன்று.

ஊரின் படம் ஒன்றைக் கையால் வரையுங்கள். ஊருணி, கண்மாய், மூடாத கிணறு, பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள், பஸ் நிற்கும் இடம் எல்லாம் அதில் வேண்டும். பிள்ளையைக் காணோம் என்றால் யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று பெற்றோரின் சம்மதத்தோடு முன்பே பிரித்துவிடுங்கள். முதல் ஆள் போக வேண்டியது தண்ணீர் பக்கம். வீட்டுக்குள் தேடுவது அப்புறம். ஊருணிக்குக் கதவும் கம்பித் தடுப்பும் கேட்டு ஊராட்சிக்கு மனுக் கொடுங்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஊருணியில் குளிக்க வருகிறவர்கள் ஆகியோருக்கு அந்தப் பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும்: தனியாகப் பார்த்தால் அதட்டாமல், கையைப் பிடித்து இழுக்காமல், கூடவே நடந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவையுங்கள். பிள்ளையின் சட்டை உள்பக்கத்தில் போன் எண்ணைத் தைத்துவிடலாம். முடிந்தால் நீச்சலும் கற்றுக் கொடுங்கள்.

திருவிழாவில் வேட்டும் கொட்டும் மைக்செட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு வலியாகவே இருக்கும். அதனால் கொப்புடையம்மன் திருவிழாவையோ பிள்ளையார்பட்டி சதுர்த்தியையோ பார்க்காமலே வளர வேண்டும் என்றில்லை. கோயில் நிர்வாகத்தாரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: கூட்டம் சேரும் முன் அதிகாலையில் வரிசையில்லாமல் தரிசனம், வேட்டுப் போடும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பது.

படி 7: பிள்ளைமேல் யாராவது கை வைத்தால்

பேச முடியாத பிள்ளை புகார் சொல்லாது என்று தெரிந்தே தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் குறைபாடுள்ள பிள்ளைமேல் நடக்கும் குற்றத்தைக் கடுமையான குற்றமாகவே பார்க்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அந்தச் சட்டப்படி குற்றம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதற்கு இடமே இல்லை. சொந்தக்காரராக இருந்தாலும், குழுவில் ஒருவராகவே இருந்தாலும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது, பிள்ளையின் வீட்டிலேயே கேட்கலாம், பிள்ளையின் பேச்சைப் புரிந்துகொள்ளச் சிறப்பாசிரியரின் உதவியைக் கேட்கலாம். இவை பிள்ளையின் உரிமைகள். பிள்ளை யார் என்று தெரியும்படி எங்கும் சொல்லக் கூடாது.

சின்ன வயதிலேயே உடல் உறுப்புகளின் பெயரையும், ‘வேண்டாம்’ என்பதைச் சொல்லாலோ படத்தாலோ கையாலோ காட்டுவதையும் கற்றுக் கொடுங்கள். பிள்ளை வேண்டாம் என்று காட்டினால் வீட்டாரும் நிறுத்த வேண்டும். மாமா முத்தம் கேட்டாலும் சரி.

படி 8: பதினெட்டுக்குப் பிறகு

பள்ளி முடிந்ததும் பல பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறார்கள். அரசு வேலையில் மொத்த 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளிட்டவர்களுக்கு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம். உள்ளூரிலும் வேலை உண்டு: பலகாரம் பொட்டலம் போடும் இடம், கொட்டான் பின்னும் இடம், ஆத்தங்குடிக் கல் பட்டறை, நூலகம். ஒரே வேலையை ஒழுங்காக, திரும்பத் திரும்பச் செய்வதில் மனம் நிறையும் இளைஞர்கள் உண்டு; அது எல்லாருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாமல் அவர்களிடமே கேளுங்கள். கூலி மற்றவர்களுக்குக் கொடுப்பதுதான் இவர்களுக்கும்.

சட்டக் காப்பாளர் நியமனத்துக்கு, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். சொத்துத் தகராறு உள்ள வீடுகளில் இதை அவசரப்படுத்துகிறவர் யார், எதற்காக என்று பாருங்கள். தன் முடிவைத் தானே எடுக்க முடிந்த இளைஞருக்குக் காப்பாளர் தேவையே இல்லை.

படி 9: தர்மமும் கிராம சபையும்

கோயில் திருப்பணிக்கும் முன்னோர் படைப்புக்கும் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்கள் ‘என்ன செய்யணும், சொல்லுங்க’ என்றே கேட்பார்கள். அப்போது பந்திக்குப் பதிலாகக் குறிப்பாகக் கேளுங்கள்: வாரம் இருமுறை தெரபிக்குப் போக ஒரு பிள்ளைக்கும் தாய்க்கும் வருடம் முழுக்க வண்டிச் செலவு, பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகப்பில் ஒரு பகுதியைப் பயிற்சி அறையாக்கிக் கொள்ள அனுமதி, தாய்க்கு மாதம் ஒரு நாள் ஓய்வு கிடைக்க, பயிற்சி பெற்ற துணை ஒருவருக்குச் சம்பளம். பணம் குழுவின் வங்கிக் கணக்கில் வரட்டும், செலவுக் கணக்கு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படட்டும். நன்கொடையாளர் பிள்ளையோடு நின்று படம் எடுக்கக் கேட்டால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே மூன்று தீர்மானங்களை எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்: ஊருணிக்குத் தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடும் நாளை நிர்ணயித்தல், சிறப்பாசிரியர் வரும் நாளைப் பள்ளிப் பலகையில் எழுதுதல். எந்தப் பிள்ளையின் பெயரும் தீர்மானத்தில் வர வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தீர்மான நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த சபையில் முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்.